காற்று போனால் ரயில் நிற்குமா, ஓடுமா?

பிப்ரவரி 4, 2024 (வாசகர் கேள்வி)

ரயில் பிரேக் காற்றில் வேலை செய்கிறது என்கிறார்கள். போன வாரம் நடைமேடையில் நின்றபோது இரண்டு பெட்டிகளுக்கு நடுவே தொங்கும் ரப்பர் குழாயிலிருந்து 'ஸ்ஸ்' என்று காற்று கசிந்துகொண்டே இருந்தது. அந்தக் காற்று முழுக்கப் போய்விட்டால் பிரேக் பிடிக்காதே? 1869-இல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் காப்புரிமை வாங்கிய அதே சாதனம்தான் இன்றைக்கும் ஓடுகிறது என்றும் படித்தேன். இவ்வளவு பழைய ஒன்றை நம்பியா இத்தனை பேர் பயணம் செய்கிறோம்?

பிப்ரவரி 4, இரவு

பிடிக்கும். காற்று போனால்தான் பிடிக்கும்.

நான் ரயில்வேயில் பெட்டிகளைப் பராமரிக்கும் கேரேஜ் அண்ட் வேகன் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் பிட் லைனில் (பெட்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கும் பள்ளத்தில்) நின்றவன். வேலையில் சேரும் புதுப் பையன்கள் எல்லோரும் முதல் வாரத்தில் இதைத்தான் தலைகீழாகப் புரிந்துகொள்வார்கள். காற்றை அனுப்பினால் பிரேக் பிடிக்கும், காற்றை விட்டால் விலகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ரயிலில் அப்படி இல்லை. எஞ்சினிலிருந்து கடைசிப் பெட்டி வரை ஒரே குழாய் ஓடுகிறது. பேர் பிரேக் பைப், நாங்கள் பி.பி. என்போம். அதில் 5 கிலோ அழுத்தம் (ஒரு சதுர செ.மீ.க்கு) இருக்கும் வரை பிரேக் விலகி இருக்கும். அழுத்தம் இறங்கினால் ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் தானாக விழும்.

அதனால் உங்கள் ரப்பர் குழாய் நடுவழியில் பிய்த்துக்கொண்டு போனாலும் வண்டி ஓடிவிடாது, நின்றுவிடும். பஸ்ஸிலும் இதே கதைதான். காலையில் டிப்போவில் காற்று ஏறும் வரை பஸ் நகராது, பார்த்திருப்பீர்கள்.

பிப்ரவரி 5

பிரேக் பிடிக்க விசை எங்கிருந்து வருகிறது, காற்றைத்தான் வெளியே விட்டுவிட்டோமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சரியான கேள்வி. நேற்று அதை விட்டுவிட்டேன்.

ஒவ்வொரு பெட்டிக்கு அடியிலும் ஒரு காற்றுத் தொட்டி தொங்குகிறது. ஆக்ஸிலரி ரிசர்வாயர். பயணிகள் பெட்டியில் 200 லிட்டர், சரக்கு வேகனில் 100 லிட்டர். வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே இந்தத் தொட்டி நிரம்பிவிடும். பி.பி. குழாய்க்கும் தொட்டிக்கும் பிரேக் சிலிண்டருக்கும் நடுவில் ஒரு வால்வு உட்கார்ந்திருக்கிறது. அதற்குள் ஒரு பிஸ்டன். அதன் ஒரு பக்கம் குழாயின் காற்று, மறுபக்கம் தொட்டியின் காற்று. இரண்டும் சமமாக இருக்கும்வரை அது சும்மா இருக்கும். குழாயில் அழுத்தம் குறைந்ததும் தொட்டிப் பக்கத்துக் காற்று பிஸ்டனைத் தள்ளும். தள்ளியதும் தொட்டியிலிருந்து சிலிண்டருக்கு வழி திறந்து, பிரேக் கட்டை சக்கரத்தில் போய் அழுந்தும்.

ஆக, குழாய் சேதியைக் கொண்டுபோகிறது. அடிப்பதற்கான பலம் ஒவ்வொரு பெட்டியிலும் முன்கூட்டியே சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. குழாயில் மறுபடி காற்றை ஏற்றினால் பிஸ்டன் திரும்பும், சிலிண்டர் காற்று வெளியேறும், தொட்டி மறுபடி நிரம்பும். நிரப்புவது, பிடிப்பது, விடுவிப்பது என்று மூன்று வேலை. அதனால்தான் வெஸ்டிங்ஹவுஸ் வைத்த பேர் டிரிப்பிள் வால்வு.

பிப்ரவரி 5, மாலை

இன்னொன்று. "1869-இல் காப்புரிமை வாங்கிய அதே சாதனம்" என்று படித்ததாகச் சொன்னீர்கள். அது தவறு. 1869-இல் அவர் வாங்கியது நீங்கள் பயப்படுகிற அதே பிரேக்குக்குத்தான். காற்று போனால் பிடிக்காத பிரேக். நாளைக்கு விவரமாக எழுதுகிறேன், இன்று பேத்தி வந்திருக்கிறாள்.

பிப்ரவரி 7

வெஸ்டிங்ஹவுஸ் 1846-இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். அப்பா விவசாயக் கருவிகள் செய்யும் பட்டறை வைத்திருந்தார். 19 வயதில் சுழல் நீராவி எஞ்சின் ஒன்றுக்குக் காப்புரிமை. அடுத்து, தடம் புரண்ட பெட்டியைத் தண்டவாளத்தில் ஏற்றிவிடும் கருவி ஒன்று. ரயில் யார்டுகளில் சுற்றிய ஆள் என்பது இதிலிருந்தே தெரிகிறது.

அந்தக் காலத்து ரயிலில் ஒவ்வொரு பெட்டிக்கும் கைச்சக்கரம் வைத்த பிரேக். டிரைவர் விசில் ஊதினால் பிரேக்மேன்கள் அதைத் திருகவேண்டும். சரக்கு வண்டியில் அந்தச் சக்கரம் கூரைமேல் இருக்கும். ஓடும் வண்டியில், பனியில், மழையில், ஒரு கூரையிலிருந்து அடுத்த கூரைக்குத் தாவிப் போகவேண்டும். தாழ்வான பாலம் வந்தால் தலை போகும். எத்தனை பேர் அப்படி விழுந்து செத்தார்கள் என்று நினைத்தாலே எனக்கு வயிற்றைப் பிசையும். நாங்கள் கீழே பள்ளத்தில் நின்று வேலை பார்த்தோம். வண்டி நின்ற பிறகுதான் தொட்டோம்.

முதலில் அவர் நீராவியையே பெட்டிகளுக்கு அனுப்பலாமா என்று யோசித்திருக்கிறார். நீளக் குழாயில் நீராவி குளிர்ந்து தண்ணீராகிவிடும், சரிவராது. அப்போது ஒரு பத்திரிகையில் பிரான்ஸுக்கும் இத்தாலிக்கும் நடுவே மோன் செனி மலையைக் குடைகிற செய்தியைப் படித்தார். அழுத்தப்பட்ட காற்றைக் குழாயில் வெகுதூரம் அனுப்பிப் பாறைத் துளைப்பான்களை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மலைக்குள் அவ்வளவு தூரம் போகிற காற்று, ரயிலின் நீளத்துக்குப் போகாதா?

1869 ஏப்ரல் 13-இல் காப்புரிமை, எண் 88,929. வயது 22. எஞ்சினில் நீராவியால் ஓடும் காற்றுப் பம்பு, ஒரு பெரிய தொட்டி, அங்கிருந்து பெட்டிகளுக்குக் குழாய். டிரைவர் வால்வைத் திறந்தால் காற்று ஓடிப்போய் எல்லாச் சிலிண்டரையும் தள்ளும். பிட்ஸ்பர்க்கில் சோதனை ஓட்டத்தின்போது எதிரே தண்டவாளத்தில் ஒரு குதிரை வண்டி மாட்டிக்கொண்டது. டேனியல் டேட் என்ற டிரைவர் வால்வைத் திருப்ப, ரயில் அதற்குச் சில அடி முன்னால் நின்றது. சோதனைக்கு வந்திருந்த கம்பெனிக்காரர்கள் பெட்டிக்குள் உருண்டு விழுந்தார்களாம். அதைவிட நல்ல விளம்பரம் வேண்டுமா.

ஆனால் இந்தப் பிரேக்கில் காற்று எஞ்சினில் மட்டும்தான் இருந்தது. பெட்டிகளை இணைக்கும் கப்ளிங் அறுந்து வண்டி இரண்டாகப் பிரிந்தால் பின்பாதிக்குப் பிரேக்கே கிடையாது. குழாய் வெடித்தால் முழு வண்டிக்கும் கிடையாது. வெஸ்டிங்ஹவுஸ் 1871-இல் இங்கிலாந்து போனபோது அங்கிருந்த பொறியாளர்கள் கேட்டது இதைத்தான். வண்டி பிரிந்தால் என்ன செய்வீர்கள்?

பதில் 1872-இல் வந்தது. அதுதான் மேலே நான் சொன்ன டிரிப்பிள் வால்வு. மூன்று வருடத்தில் தன் கண்டுபிடிப்பைத் தானே தலைகீழாகத் திருப்பிவிட்டார். என்னைக் கேட்டால் 1869 கெட்டிக்காரத்தனம், 1872 தான் மகத்தானது. காப்புரிமை வாங்கி, கம்பெனி தொடங்கி, வியாபாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது தன் சரக்கில் அடிப்படையே தவறு என்று ஒப்புக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும்?

பிப்ரவரி 8

முதல் குறிப்பில் பஸ்ஸையும் ரயிலையும் ஒன்றாகச் சேர்த்தது தப்பு. லாரி மெக்கானிக் ஒருவர் சரியாகப் பிடித்துவிட்டார். அவருக்கு நன்றி.

பஸ்ஸில் டிரைவர் காலால் மிதிக்கிற பிரேக் காற்றை அனுப்பித்தான் பிடிக்கிறது. அது 1869 வகை. ஹேண்ட் பிரேக் மட்டும் வேறு. அங்கே பலமான ஸ்பிரிங் ஒன்று எப்போதும் பிரேக்கைப் பிடித்து வைத்திருக்கும், காற்று அந்த ஸ்பிரிங்கை அமுக்கி விடுவிக்கும். காற்று இல்லாத பஸ் நகராததற்குக் காரணம் அந்த ஸ்பிரிங். ரயில் பெட்டியில் அந்த இடத்தில் தொட்டிக் காற்று இருக்கிறது. இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். அப்படி இல்லை, பிறகு வருகிறேன்.

பிப்ரவரி 11

நம் ஊரில் ரொம்ப காலம் வேக்குவம் பிரேக்தானே இருந்தது, வெஸ்டிங்ஹவுஸ் எங்கே வந்தார் என்று கேட்டவருக்கு.

உண்மை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது யார்டில் பாதிக்கு மேல் வேக்குவம் வண்டிகள். பிரிட்டனில் பெரும்பாலான கம்பெனிகள் வேக்குவத்தைப் பிடித்துக்கொண்டன, அவர்கள் கட்டிய நம் ரயில்வேக்கும் அதுவே வந்தது. இங்கே 1980-களில் தொடங்கித்தான் கொஞ்சம் கொஞ்சமாக ஏர் பிரேக் வந்தது. ஆனால் தத்துவம் ஒன்றே. வேக்குவம் பிரேக்கில் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி வெற்றிடம் வைத்திருப்பார்கள், வெளிக்காற்று உள்ளே புகுந்தால் பிரேக் விழும்.

அதிலும் சாதா, ஆட்டோமேட்டிக் என்று இரண்டு உண்டு. சாதா வகையில் பிரேக் போடத்தான் வெற்றிடத்தை உருவாக்குவார்கள், குழாய் அறுந்தால் பிரேக் போச்சு. 1889 ஜூன் 12, அயர்லாந்தில் அர்மா. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக் குழந்தைகள் சுற்றுலா போன வண்டி. ஏற்றத்தில் எஞ்சினால் இழுக்க முடியாமல், பாதி வண்டியைக் கழற்றி முன்னே கொண்டுபோக முயன்றார்கள். கழற்றியதும் பின்பாதிக்குக் குழாய்ப் பிரேக் இல்லை. கார்டின் கைப்பிரேக்கும் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கற்களும் தாங்கவில்லை. பெட்டிகள் பின்னோக்கி உருண்டு அடுத்து வந்த வண்டியில் மோதின. 80 பேர் இறந்தார்கள், பலர் குழந்தைகள். அந்த வருடமே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பயணிகள் வண்டிகளுக்குத் தானியங்கிப் பிரேக்கைக் கட்டாயமாக்கியது. பதினேழு வருடத்துக்கு முன்பே வழி தெரிந்திருந்தது. ஆறவில்லை எனக்கு.

பிப்ரவரி 12

வேக்குவத்தை ஏன் மாற்றினார்கள் என்பதற்கு ஒரு கணக்கு. காகிதத்தில் போட்டுப் பார்த்தேன்.

வேக்குவம் பிரேக்குக்குப் பலம் கொடுப்பது வெளிக்காற்று. அதன் அளவு உங்கள் கையில் இல்லை. குழாயில் 510 மி.மீ. (பாதரசக் கணக்கில்) வெற்றிடம் வைத்தால் கிடைப்பது சதுர செ.மீ.க்குச் சுமார் 0.7 கிலோ. ஏர் பிரேக்கில் சிலிண்டருக்குள் 3.8 கிலோ வரை வரும். வேகனில் இருக்கும் 355 மி.மீ. விட்டச் சிலிண்டர் இதில் சுமார் 3,700 கிலோ தள்ளும். அதே தள்ளலை வேக்குவத்தில் எடுக்கச் சிலிண்டரின் விட்டம் 830 மி.மீ. இருக்கவேண்டும். வண்டிக்கு அடியில் அண்டாவைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. வண்டி நீளமாக, பாரம் அதிகமாக ஆக ஆக வேக்குவத்தால் முடியவில்லை.

மலை ஏறினால் இன்னும் மோசம். ஊட்டி உயரத்தில், 2,200 மீட்டருக்கு மேலே, வெளிக்காற்றின் மொத்த அழுத்தமே சுமார் 580 மி.மீ. தான். அதில் எவ்வளவு உறிஞ்சி எவ்வளவு பலம் எடுப்பது?

பிப்ரவரி 12, இரவு

திருத்தம்: சிலிண்டருக்குள் பிஸ்டனைத் திருப்பி இழுக்க ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. அதைத் தாண்டித்தான் தள்ளவேண்டும், ஆகவே 3,700 முழுசாகக் கட்டைக்குப் போகாது. அப்புறம் நெம்புகோல்கள் அதைப் பெருக்கவும் செய்யும். ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் அந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 18

சரி, எனக்கு இதில் எது பயம் என்று ஒருவர் கேட்டார். ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். சொல்கிறேன்.

கசிவு எங்களுக்குப் பயம் கிடையாது. கசிவு தொல்லை. வண்டி நேரத்துக்குக் கிளம்பாது, சோப்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஜாயிண்டாகத் தடவி நுரை வருகிறதா என்று பார்க்கவேண்டும். ஹோஸ் பைப் (நீங்கள் பார்த்த ரப்பர் குழாய்) தலையில் இருக்கும் ரப்பர் வாஷரை மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பயணிகள் ரேக்கில் (சேர்த்துக் கோத்த பெட்டிகளின் வரிசையில்) நிமிடத்துக்கு 0.2 கிலோவுக்கு மேல் அழுத்தம் இறங்கக்கூடாது, அதுதான் எங்கள் கணக்கு.

பயம் ஆங்கிள் காக். ஒவ்வொரு பெட்டியின் இரண்டு முனையிலும் பி.பி. குழாயில் ஒரு அடைப்பான் இருக்கும். பெட்டியைக் கழற்றும்போது மூடவும் சேர்க்கும்போது திறக்கவும். கைப்பிடி குழாயோடு ஒரே போக்கில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. வண்டியின் நடுவில் ஒரு காக் மூடிக்கிடந்தால் என்ன ஆகும்? அதற்குப் பின்னால் உள்ள குழாயில் 5 கிலோ காற்று அப்படியே தங்கிவிடும். டிரைவர் முன்னால் காற்றை விடுவார், முன்பெட்டிகள் பிடிக்கும். பின்பெட்டிகளுக்குச் சேதியே போகாது. அவை நல்ல அழுத்தத்தோடு, பிரேக் விலகி, நிம்மதியாக உருண்டுகொண்டிருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். இரவு இரண்டு மணி, மழை தூறிக்கொண்டிருந்தது. ரேக்கின் கடைசியில் கூடுதலாக ஒரு பெட்டி சேர்த்தோம். ஹோஸை மாட்டினேன். பழைய கடைசிப் பெட்டியின் காக்கைத் திறந்தேன் என்றுதான் நினைத்தேன். திறக்கவில்லை. புதுப் பெட்டி ஏற்கெனவே வேறு எஞ்சினில் காற்று ஏறி வந்தது, அதனால் பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. பிரேக் போட்டுப் பார்க்கும்போது எங்கள் பெரியவர் சுத்தியலோடு கடைசியிலிருந்து நடந்து வந்தார். ஒவ்வொரு பிரேக் கட்டையிலும் ஒரு தட்டு. பிடித்திருந்தால் 'தொப்' என்று செத்த சத்தம் வரும். என் பெட்டியில் கட்டை கடகடவென்று ஆடியது.

திட்டுவார் என்று நின்றேன். அவர் காக்கைத் திறந்துவிட்டு, காற்று ஓடுகிற சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, "காத்து போனா வண்டி நிக்கும் தம்பி. காத்து தங்கினா வண்டி போயிடும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்றிலிருந்து பணி ஓய்வு பெறும் நாள் வரைக்கும் கண்ணால் பார்த்த காக்கைக் கையால் ஒருமுறை தொட்டுப் பார்க்காமல் நகர்ந்ததில்லை.

வண்டி கிளம்புமுன் கடைசிப் பெட்டியில் கார்டு ஒரு மீட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கவனித்திருக்கிறீர்களா? டிரைவர் முன்னால் அழுத்தத்தை இறக்கினால் அந்த முள்ளும் இறங்கவேண்டும். கார்டு பின்னால் வால்வைத் திறந்தால் டிரைவரின் முள் இறங்கவேண்டும். குழாய் முழுக்கத் திறந்திருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி.

பிப்ரவரி 19

இது வெறும் பயம் இல்லை என்பதற்கு: 1988 ஜூன் 27, பாரிஸ், கார் தே லியோன் நிலையம். வழியில் ஒரு பயணி தான் இறங்கவேண்டிய நிலையத்தில் வண்டி நிற்காது என்று தெரிந்து அபாயச் சங்கிலியை இழுத்தார். வண்டி நின்றது. பிரேக்கை விடுவிக்க இறங்கிய டிரைவர், முதல் பெட்டிக்கும் இரண்டாம் பெட்டிக்கும் நடுவே இருந்த குழாய் அடைப்பானைத் தெரியாமல் மூடிவிட்டார். பின்பெட்டிகளின் பிரேக் விலகவில்லை. குழாயில் ஏதோ காற்று அடைத்திருக்கிறது என்று நினைத்து ஒவ்வொரு பெட்டியாகக் கையால் காற்றை வடித்துப் பிரேக்கை விடுவித்தார்கள். அதன்பிறகு முதல் பெட்டிக்கு மட்டும்தான் பிரேக். இறக்கத்தில் நிலையத்துக்குள் வந்து நின்றுகொண்டிருந்த வண்டியில் மோதியது. 56 பேர்.

வெஸ்டிங்ஹவுஸின் வால்வு அன்று தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. மனிதர்கள்தான் ஒவ்வொன்றாக விடுவித்தார்கள். நாங்களும் கையால் ரிலீஸ் செய்வது உண்டு, தினசரி வேலை அது. ஆனால் ஏன் பிடித்தது என்று தெரியாமல் விடுவிக்கக்கூடாது.

பிப்ரவரி 25

முதல் நாள் எழுதிய வரியையே திருத்தவேண்டியிருக்கிறது. "காற்று போனால்தான் பிடிக்கும்" என்றேன். எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதையும் சொல்லியிருக்கவேண்டும்.

சின்னக் கசிவுக்கெல்லாம் பிரேக் விழுந்துகொண்டிருந்தால் எந்த வண்டியும் ஓடாது. ஆகவே மெதுவாக இறங்கும் அழுத்தத்துக்கு வால்வு அசையாதபடி செய்திருக்கிறார்கள். எஞ்சின் கம்ப்ரெஸ்ஸரும் அந்தக் குறையை நிரப்பிக்கொண்டிருக்கும். நீங்கள் கேட்ட 'ஸ்ஸ்' சத்தத்துக்கு வண்டி நிற்காமல் இருந்தது இதனால்தான்.

ஆனால் எஞ்சினை அணைத்துவிட்டால்?

2013 ஜூலை 6, கனடாவில் லாக் மெகான்டிக். கச்சா எண்ணெய் ஏற்றிய 72 டேங்கர்கள். இரவில் நான்ட் என்ற இடத்தில் இறக்கத்தின் தலையில் நிறுத்திவிட்டுப் போனார்கள். ஏழு கைப்பிரேக் மட்டும் போட்டிருந்தது. மீதியைப் பிடித்து வைத்திருந்தது எஞ்சின்களின் காற்றுப் பிரேக். ஓடிக்கொண்டிருந்த எஞ்சினில் தீப்பிடிக்க, தீயணைப்புக்காரர்கள் தீயோடு எஞ்சினையும் அணைத்தார்கள். கம்ப்ரெஸ்ஸர் நின்றது. காற்று மெதுவாகக் கசிந்தது, டேங்கர்களின் தானியங்கிப் பிரேக்கைத் தூண்ட முடியாத அளவுக்கு மெதுவாக. வண்டி தானாக நகர்ந்து 11 கிலோமீட்டருக்கு மேல் உருண்டு ஊருக்குள் தடம் புரண்டு எரிந்தது. 47 பேர் இறந்தார்கள்.

பஸ்ஸின் ஸ்பிரிங்கும் ரயிலின் தொட்டியும் வேறு என்று சொன்னேனே, அது இங்கே வந்து நிற்கிறது. ஸ்பிரிங் களைக்காது. தொட்டியில் இருக்கும் காற்று பிரேக்கைப் பிடித்திருந்தாலும் சில மணி நேரத்தில் எங்காவது கசிந்து தீர்ந்துபோகும். அதனால்தான் நிறுத்தி வைக்கும் வண்டிக்குக் கைப்பிரேக் திருகி, சக்கரத்துக்கு மரக்கட்டை வைத்து, தண்டவாளத்தோடு சங்கிலி போட்டுப் பூட்டவேண்டும். ஓடும் வண்டிக்குக் காற்று. நிற்கும் வண்டிக்குக் கட்டை.

பிப்ரவரி 26

சங்கிலி இழுத்தால் என்ன நடக்கும் என்ற கேள்விக்கு: பெட்டி முனையில் ஒரு வால்வு திறந்து பி.பி. காற்று வெளியேறும். டிரைவரின் முள் இறங்கும், அவர் வண்டியை நிறுத்துவார். வேறு மாயம் எதுவும் இல்லை.

மார்ச் 3

நீள வண்டியில் சேதி போய்ச்சேர நேரம் ஆகாதா என்று கேட்டவர் நல்ல இடத்தைத் தொட்டிருக்கிறார். வெஸ்டிங்ஹவுஸும் அங்கேதான் தடுக்கி விழுந்தார்.

குழாயில் அழுத்தம் குறையும் சேதி ஒலியின் வேகத்தைத் தாண்டிப் போக முடியாது. நம் 58 வேகன் வண்டி 600 மீட்டருக்கு மேல் நீளம், அதிகபட்ச வேகத்தில் போனாலும் கிட்டத்தட்ட இரண்டு நொடி. நடைமுறையில் அதைவிட மெதுவாகவே போகும், ஏனென்றால் வழியில் உள்ள குழாய்க் காற்று முழுவதும் எஞ்சின் பக்கத்து ஒரே துளை வழியாக வெளியேறவேண்டும். முன்வேகன்கள் பிடித்துவிடும், பின்வேகன்கள் முழு வேகத்தில் வந்து இடிக்கும்.

1886-இல் அமெரிக்காவில் பர்லிங்டன் அருகே 50 வேகன் சரக்கு வண்டிகளை வைத்துப் பல கம்பெனிகளின் பிரேக்கைச் சோதித்தார்கள். அவசரப் பிரேக் போட்டபோது பின்வேகன்களில் இருந்தவர்கள் தூக்கி எறியப்பட்டார்கள். காற்றுப் பிரேக் சரக்கு வண்டிக்கு ஆகாது என்றே பலர் முடிவு கட்டினார்கள். அடுத்த வருடமே அவர் விரைவு வால்வோடு திரும்பி வந்தார். அவசரத்தில் ஒவ்வொரு வேகனின் வால்வும் தன் இடத்திலேயே குழாய்க் காற்றைக் கொஞ்சம் எடுத்துவிடும். அந்தத் திடீர் இறக்கம் அடுத்த வால்வைத் தட்டும், அது அதற்கடுத்ததை. சேதி ஆளிலிருந்து ஆளுக்குக் கத்திக் கடத்துவது மாதிரி ஓடும். 1893 மார்ச் 2-இல் அமெரிக்காவில் காற்றுப் பிரேக்கையும் தானியங்கிக் கப்ளிங்கையும் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. பிரேக்மேன்கள் கூரையிலிருந்து இறங்கினார்கள். அயோவாக்காரர் லோரென்சோ காஃபின் இதற்காகப் பல வருடம் ஊர் ஊராகப் போய்ப் பேசினார், அவர் பேரையும் சொல்லவேண்டும்.

மார்ச் 4

அந்த 1887 காப்புரிமை பற்றி ஒரு வழக்கு உண்டு. பாய்டன் என்பவரின் கம்பெனி அதே பலன் தரும் வேறொரு வால்வைச் செய்தது. வெஸ்டிங்ஹவுஸ் வழக்குப் போட்டார். 1898-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாய்டன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பலன் ஒன்றாக இருக்கலாம், அதை அடைந்த வழி உண்மையிலேயே வேறு என்றது.

முதலில் இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. உழைத்துக் கண்டுபிடித்தவர் இவர், பலன் இன்னொருவருக்கா? பிறகு வால்வுகளைப் பிரித்துப் பிரித்துக் கழுவிய ஞாபகம் வந்தது. யார்டில் இரண்டு கம்பெனியின் டிஸ்ட்ரிபியூட்டர் வால்வு (டிரிப்பிள் வால்வின் இடத்தில் இன்று இருப்பது) வரும். வெளியே ஒரே வேலை. உள்ளே டயஃப்ரம், ஸ்பிரிங், வழித்துளைகள் எல்லாம் வேறு. ஒன்றைப் பழகியவன் மற்றதைத் தொட யோசிப்பான். "வண்டியின் கடைசிவரை சீக்கிரம் பிடிக்கவேண்டும்" என்ற ஆசைக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, அதைச் செய்யும் வால்வுக்குத்தான் முடியும். தீர்ப்பு சரி என்றே இப்போது நினைக்கிறேன்.

மார்ச் 10

இன்று நம் பெட்டிகளில் இருப்பது டிரிப்பிள் வால்வுதானா என்று கேட்டவருக்கு: இல்லை, அதன் பேரப்பிள்ளை. பழைய வால்வில் ஒரு குறை. பிரேக்கை விடுவிக்கத் தொடங்கினால் முழுக்க விலகிவிடும், பாதியில் நிறுத்த முடியாது. நீள இறக்கத்தில் பிடித்துப் பிடித்து விட்டால், தொட்டி மறுபடி நிரம்புவதற்குள் அடுத்த தேவை வந்துவிடும். டிஸ்ட்ரிபியூட்டர் வால்வில் தனியாக ஒரு கன்ட்ரோல் ரிசர்வாயர் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்க வழி செய்தார்கள். பயணிகள் வண்டியில் 6 கிலோ அழுத்தத்தில் ஃபீட் பைப் என்று இரண்டாவது குழாயே ஓடித் தொட்டியை நிரப்பிக்கொண்டிருக்கிறது.

மார்ச் 11

வெஸ்டிங்ஹவுஸின் டெஸ்லா, மாற்று மின்சாரக் கதைகளையும் எழுதுங்கள் என்கிறார்கள். அதை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். காற்றோடு நிற்கிறேன்.

1884-இல் பிட்ஸ்பர்க்கில் தன் வீட்டுத் தோட்டத்திலேயே எரிவாயுவுக்குத் துளை போட்டார். வாயு பீறிட்டுக் கிளம்பியது. பிறகு அதிக அழுத்தத்தில் வெகுதூரம் அனுப்பிய வாயுவை, ஊருக்குள் வரும்போது குழாயின் விட்டத்தைப் படிப்படியாகப் பெரிதாக்கி அழுத்தத்தைக் குறைத்து வீடுகளுக்குக் கொடுத்தார். பிரேக் குழாயில் கற்ற பாடம் என்று எனக்குத் தோன்றுகிறது. ரயில் தடம் மாற்றும் பாயிண்டுகளைக் காற்றுச் சிலிண்டரால் தள்ளி, அந்தக் காற்றை மின்சாரத்தால் திறந்து மூடும் முறையும் அவருடைய கம்பெனியிலிருந்து வந்ததுதான். கடைசிக் காலத்தில் மோட்டார் காருக்குக் காற்று ஸ்பிரிங் செய்துகொண்டிருந்தார். 1914-இல் இறந்தார்.

ஏப்ரல் 21

பேத்தியை அழைத்துக்கொண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் போய்வந்தேன். இந்த இழையை எழுதியதால்தான் போனேன் என்றும் சொல்லலாம்.

கல்லாறு தாண்டியதும் பல்சக்கரப் பாதை தொடங்குகிறது. எஞ்சின் கீழிருந்து தள்ளுகிறது. ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். டிரைவர் விசில் கொடுக்கிறார், அவர்கள் கைப்பிரேக்கைத் திருகுகிறார்கள் அல்லது விடுகிறார்கள். 1869-க்கு முந்தைய வேலை, கூரைமேல் இல்லை என்பது மட்டும்தான் வித்தியாசம். அந்தச் சரிவில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாக ஓர் ஆள் தன் கண்ணோடும் கையோடும் நிற்பது எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது.

தண்ணீர் பிடிக்க வண்டி நின்ற இடத்தில் இறங்கி, எங்கள் பெட்டி பிரேக்ஸ்மேனிடம் நான் இன்ன வேலை பார்த்தவன் என்று சொன்னேன். கையை நீட்டினார். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. இறக்கத்தில் பிரேக் சரியாகப் பிடித்திருக்கிறது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். சக்கரம் போடுகிற சத்தம் மாறும், காலுக்கடியில் பலகை அதிரும் விதமும் மாறும் என்றார். எங்கள் பெரியவரின் சுத்தியல் சத்தத்தைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு உடனே புரிந்தது. அதற்குள் விசில் வந்துவிட்டது. பேத்தி, "தாத்தா, அது பிரேக்கை விடச் சொல்ற விசிலா?" என்று கேட்டாள்.

ஆமாம், விடச் சொல்லும் விசில்தான்.